பிபிஎம் பார்த்து பாட்டில் வாங்காதீர்கள்

பீட் விஸ்கிக்கு, அதாவது பீட் எனும் கரிமண்ணை எரித்த புகையில் உலர்த்திய பார்லியில் செய்ததற்கு, முதல் பாட்டிலாக லஃப்ரோயிக் 10 (எண் பீப்பாயில் இருந்த வருடக் கணக்கு) எடுப்பவர்களில் பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். டிஞ்சர், பேண்டேஜ் துணி, காய்ந்த கடற்பாசி என்று மூக்கில் ஏறுவது ஆஸ்பத்திரி வாசனைதான். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10-ல் தொடங்கினால் புகை நடுவில் வந்து, முடிவில் மிளகுக் காரம் நிற்கும், நாக்கு மிரளாது. போமோர் 12 இன்னும் சாது. ஆனால் ஆல்கஹால் 40 சதவீதம் என்பதால் கொஞ்சம் தண்ணியாகத் தெரியும்.

அடுத்து கல் ஈலா 12, லகாவுலின் 16 இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். இரண்டுமே 43 சதவீதம். இரண்டுக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வருவது ஐலா தீவின் போர்ட் எலன் ஆலையிலிருந்து, சுமார் 35 பிபிஎம். ஆனாலும் கல் ஈலாவில் எலுமிச்சையும் சாம்பலும்; லகாவுலினில் உலர்திராட்சை, புகையேறிய தேயிலை, கனமான இனிப்பு. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது புகையூட்டிய பார்லியில் அளந்த ஃபீனால், அதாவது புகை மணம் தரும் பொருள்; பாட்டிலில் இருப்பது அல்ல. ஊறலிலும் வடிப்பிலும் அதில் பெரும்பங்கு போய்விடும். ஃபீனால் வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகம் இறங்குகிறது. ஆகவே எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் (வடிந்து வருவதைச் சேகரிப்பதை நிறுத்துகிறார்கள்), வடிகலன் எவ்வளவு உயரம் என்பவைதான் கணக்கு. நூறு பிபிஎம்மைத் தாண்டும் ஆக்டோமோர், லஃப்ரோயிக்கைவிட இரண்டு மடங்கு புகையாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம். வயதும் புகையைத் தின்னும்: புகைதான் வேண்டுமென்றால் லகாவுலினில் 16-ஐ விட 8 நல்லது.

குறுகிய வாய்க் கிளாஸில் 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வாயை லேசாகத் திறந்து, தள்ளி வைத்து முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் ஆல்கஹால் மட்டும்தான் அடிக்கும். 46 சதவீத ஆர்ட்பெக் 10-க்கு அரை டீஸ்பூன் தண்ணீர் போதும். கலங்கினால் பயம் வேண்டாம், குளிர்வித்து வடிகட்டிக் கலங்கலை நீக்காத சரக்கு அது. ஐஸ் போட்டால் இனிப்பு அமுங்கிச் சாம்பல் கசப்பு மட்டும் மிஞ்சும். பீட் இல்லாததை முதலில் குடித்துவிடுங்கள். லஃப்ரோயிக்குக்குப் பிறகு எதை ஊற்றினாலும் சப்பென்று இருக்கும். காரமான சைட் டிஷ்ஷும் அதே வேலையைச் செய்யும். கறுப்புச் சாக்லேட் பொருந்தும். ஐலாக்காரர்கள் சமைக்காத சிப்பி மீதே ஊற்றிச் சாப்பிடுவார்கள், அது வேறு உலகம்.

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியதும் காற்று வேலையைத் தொடங்கும். சில மாதங்களில் டிஞ்சர் நெடி முதலில் மங்கும், வனிலா மேலே வரும். முதலில் பிடிக்காத லஃப்ரோயிக் இந்தக் கட்டத்தில் பலருக்குப் பிடித்துப்போகிறது. போமோர் மாதிரி மென்மையானது இதே காலத்தில் வெறும் இனிப்புத் தண்ணியாகிவிடும். அதை மீதியளவுக்கேற்ற சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாமல் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் கார்க் ஊறி, திறக்கும்போது கழுத்திலேயே உடையும்.