செலோடேப் ஒட்டிய கேசட் முதல் மூன்று ஹார்டு டிஸ்க் வரை

டிவியில் வந்ததைப் பதிந்து வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் 1994-ல் ஆரம்பித்தது. லால்குடி பக்கம் எங்கள் வாழைத்தோப்புக்கு தூர்தர்ஷன்காரர்கள் வந்து, ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சிக்காக அப்பாவைப் பேச வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒளிபரப்பான அன்று, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்திருந்த விசிஆரில், அதாவது வீடியோ கேசட் போட்டுப் பதியும் பெட்டியில், அதைப் பதிந்தோம். மொத்தம் ஏழு நிமிடம். அதைக் காப்பாற்றப் போய் நான் கற்றுக்கொண்டதுதான் இங்கே எழுதியிருப்பது எல்லாம்.

அதில் போடும் விஎச்எஸ் கேசட்டின் முதுகில், ஒரு ஓரமாக, சின்ன பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி எதையும் பதிய முடியாது. அப்பாவே ஸ்குரூடிரைவர் வைத்து அதை உடைத்தார். அம்மா சிவப்பு மையில் “அழிக்காதே” என்று எழுதினாள். எழுதியது கேசட்டின் மேல் இல்லை, உறையின் மேல். உறை மாறிப்போக எத்தனை நாள் ஆகும்?

1996 மார்ச் 9, உலகக் கோப்பை காலிறுதி, பெங்களூரில் இந்தியாவும் பாகிஸ்தானும். வீட்டில் காலி கேசட் இல்லை. அண்ணன் கையில் கிடைத்ததை எடுத்து, உடைந்த தகட்டின் ஓட்டை மேல் செலோடேப் ஒட்டி, பாகிஸ்தான் ஆடிய ஆட்டத்தை முதலிலிருந்து பதிந்துவிட்டான். இப்போது அந்தக் கேசட்டைப் போட்டால், வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சொஹைலின் ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் பெவிலியனுக்கு வழி காட்டுவார், கூட்டம் கத்தும், அதற்கு ஒன்றிரண்டு ஓவர் கழித்துப் படம் கிழிந்து நெளியும், சட்டென்று வாழைத்தோப்பில் அப்பா நிற்பார். பேச்சின் நடுவில், “...அடியுரம் போட்டாத்தான்” என்று. கரண்ட் போயிருக்கிறது. அந்தக் கரண்ட் கட் இல்லையென்றால் மிஞ்சியிருக்கும் நான்கு நிமிடமும் எங்களுக்கு இல்லை. மின்வாரியத்துக்கு நான் நன்றி சொல்லும் ஒரே விஷயம் இது.

சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்த பிறகு, 2006-ல் கம்ப்யூட்டரில் ஒரு டிவி ட்யூனர் கார்டு போட்டேன். கேபிள் ஒயரை நேராகச் செருகிப் பதிந்து, டிவிடியில் எழுதுவேன். ஒரு டிவிடிக்கு 4.7 ஜிபி, நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம். ஐம்பது ஐம்பதாக உருளை டப்பாவில் வரும் மலிவு டிஸ்க்குகளை வாங்கினேன். அதுதான் தப்பு. எட்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது அறுபதில் பதினேழு படிக்கவே இல்லை. மேலே கீறல் ஒன்றும் கிடையாது. எழுதும் டிவிடியில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் வெளுக்கும். நானோ ஜன்னலோர அலமாரியில் அடுக்கியிருந்தேன். ஒன்று தெரிந்துகொண்டேன்: டிவிடி சாகும்போது சத்தம் போடாது. ஹார்டு டிஸ்க்காவது பெரும்பாலும் கடகடவென்று சொல்லிவிட்டுச் சாகும்.

அடுத்தது 2010-ல் வாங்கிய ரெக்கார்டிங் வசதியுள்ள டிடிஎச் பெட்டி. பயன்படுத்த இதைவிட சுகமான ஒன்றை நான் பார்த்ததில்லை, இன்றைக்கும் சொல்வேன். ரிமோட்டில் ஒரு பட்டன், அவ்வளவுதான். அம்மாவே கற்றுக்கொண்டாள். மார்கழி முழுக்க வரும் கச்சேரிகளைப் பதிந்துவைத்து, பங்குனி வரை சமையல் செய்துகொண்டே கேட்பாள். மூன்று சீசன் சேர்ந்தது.

2014 கோடையில் பெட்டி உயிரை விட்டது. போன் செய்தேன், ஆள் வந்தார், நல்ல பையன். “சார், போர்டு போயிடுச்சு, வேற பாக்ஸ் குடுத்துடறேன்” என்றார். உள்ளே இருக்கிற ரெக்கார்டிங்? “அது வராது சார்.” ஹார்டு டிஸ்க்கையாவது கழற்றித் தரச் சொன்னேன். பெட்டி கம்பெனியின் சொத்து, தர முடியாது என்றார். தந்திருந்தாலும் பயனில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் பெட்டிகள் நிகழ்ச்சியைப் பூட்டிய நிலையிலேயே டிஸ்க்கில் எழுதுகின்றன. சாவி அந்தப் பெட்டிக்கும் அதன் கார்டுக்கும் மட்டும் சொந்தம். கம்ப்யூட்டரில் செருகினால், “இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?” என்றுதான் கேட்கும். வெளியே யுஎஸ்பி டிஸ்க் செருகிப் பதியும் பெட்டிகள் பலவற்றிலும் இதே கதைதான். வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா திட்டவில்லை. “போனா போகுது விடுப்பா” என்றாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கு ராத்திரியே வீட்டில் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுக்க உட்கார்ந்தேன். டிவிடிகளின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது.

அப்பாவின் கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி. பூஞ்சை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்கு நாடா என்றால் கொள்ளைப் பிரியம். அப்படியே விசிஆரில் போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். வெயிலில் காய வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், நாடா சுருங்கி நெளிந்துவிடும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பழைய விசிஆர் பழுது பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, கேசட்டைப் பிளந்து, மெல்லிய துணியை நாடாவின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கையாலேயே ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை சுற்றினார். முக்கால் மணி நேரம் ஆனது. துணி சாம்பல் நிறமாகிவிட்டது. ஓடாத ஒரு விசிஆரையும் பெல்ட் மாற்றி எனக்கே விற்றார்.

கேசட்டை ஃபைலாக மாற்றுவதில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். விசிஆரின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்க முதலில் வாங்கிய மலிவு யுஎஸ்பி கேப்சர் குச்சி, பழைய நாடாவின் ஆட்டத்தைத் தாங்காமல் நடுநடுவே ஃபிரேம்களை விழுங்கியது. கேசட் முடியும்போது உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். நண்பர் ஒருவர் பழைய டிவிடி ரெக்கார்டரைக் கொடுத்து, விசிஆருக்கும் குச்சிக்கும் நடுவில் அதைப் போடச் சொன்னார். அது சிக்னலை வாங்கிச் சீராக்கி அனுப்ப, பிரச்சினை அநேகமாகத் தீர்ந்தது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது, எனக்கு அமைந்தது. முதல் பிரதியைத் தரம் இழக்காத முறையில் எடுத்தேன், மணிக்கு முப்பது ஜிபிக்கு மேல் தின்றது. அப்பா வரும் பகுதிக்கு மட்டும் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைச் சுருக்கிவிட்டேன். அசைவில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும், பழைய டிவி ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பிரித்துக் காட்டியதன் மிச்சம் அது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், அந்தப் பாதிகளைச் சேர்க்கும் டிஇன்டர்லேஸ் போட்டால் போய்விடும். ஆனால் மூலத்தில் கை வைக்காதீர்கள், பிரதியில் செய்யுங்கள். சீக்கிரம் முடித்தது நல்லதாயிற்று: 2016-ல் ஜப்பானின் ஃபுனாய் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது, புது விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி கம்பெனி அதுதான்.

இப்போது பதிவது எப்படி? தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். அதில் வரும் டிடி தமிழுக்கு, அதாவது 2024 வரை பொதிகையாக இருந்ததற்கு, பூட்டு கிடையாது. மாதச் சந்தாவும் இல்லை. கடையில் வாங்கிய சாதாரணப் பெட்டியில் பென்டிரைவ் செருகினால், டிஎஸ் என்ற வகை வீடியோ ஃபைலாக எழுதுகிறது. கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடுகிறது. மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை ஜிபி. ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நீண்ட கச்சேரி இரண்டாக உடையும், உடையும் இடத்தில் ஓரிரு நொடி காணாமல் போகும். ஒருமுறை சரியாகத் தனி ஆவர்த்தனத்தில் உடைந்தது. என் பெட்டி, அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டையும் ஏற்றுக்கொண்டதால் தப்பித்தேன். எல்லாப் பெட்டியும் ஏற்காது, வாங்குமுன் கடையிலேயே செருகிப் பதிந்து, அந்தப் பென்டிரைவை லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். பரவாயில்லை.

சேமிப்புக்கு மூன்று 2 டிபி டிஸ்க்குகள். ஒன்று கம்ப்யூட்டரோடு, ஒன்று பீரோவில், மூன்றாவது திருச்சியில் தங்கை வீட்டில். பொங்கலுக்குப் போகும்போது புதியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வீட்டில் இருக்கிற இரண்டையும் செருகி ஒவ்வொரு ஃபைலும் எழுதியபோது இருந்தபடியே இருக்கிறதா என்று செக்சம் (ஃபைலிலிருந்து கணக்கிடும் அடையாள எண்; ஃபைல் மாறினால் அதுவும் மாறும்) வைத்துச் சரிபார்ப்பேன். 2021-ல் இரண்டு ஃபைல் தேறவில்லை, பீரோ டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்துச் சரிசெய்தேன். மறுநாள் டிஸ்க்குகளுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. யுஎஸ்பி துளையில் படாமல் வைக்க வேண்டும்.

ஃபைல் பெயரில் முதலில் வருடம், மாதம், தேதி, அப்புறம் சேனல், அப்புறம் நிகழ்ச்சி. இதைத் தவிர வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். இணையத்தில் ஏற்றி வைப்பதை நான் காப்பாகக் கருதவில்லை. அண்ணன் ஒரு கச்சேரியை வீடியோ தளத்தில் போட, ஒரே நாளில் உரிமைக்காரரின் புகார் வந்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம்தான். வீட்டுக்குள் பார்ப்பது வேறு, ஊருக்குப் போடுவது வேறு.

“ஏங்க, இதையெல்லாம் யார் பார்க்கப் போறா?” என்று மனைவி கேட்டபோது, அமெரிக்காவில் பிலடெல்பியாவில் மரியான் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் முப்பது வருடத்துக்கும் மேல் டிவி செய்திகளைப் பதிந்து, எழுபதாயிரம் கேசட் அளவுக்குச் சேர்த்துவைத்தார், இப்போது அது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திடம் போயிருக்கிறது என்றேன். அத்தனையையும் எங்கே வைத்தார் என்றாள். கேசட் வைக்கவே தனியாக அபார்ட்மென்ட்கள் இருந்தன என்றதும், “அப்போ நமக்கு மூணு டிஸ்கோட நிறுத்திக்கலாம்” என்று முடித்துவிட்டாள்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த ஃபைலை அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கிரிக்கெட் பகுதியை முழுக்க வெட்டாமல், சொஹைல் அவுட் ஆவதிலிருந்து வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது, விக்கெட் விழுந்ததும் அண்ணன் முதல்முறை பார்ப்பவன்போல எழுந்து நின்று கை தட்டினான்.

“டேய், உன் மேட்சை ஓட்டிவிடு” என்றாள் அம்மா. “அவர் வரட்டும்.”