இலங்கையைச் சுற்றிப் பார்க்க ரயிலா, பஸ்ஸா, சாரதியோடு வாகனமா, ஓட்டோவா? பாதை பாதையாக ஓர் ஒப்பீட்டு அலசல்

இலங்கைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். இங்கே நேரத்தை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர்தான், ஆனால் வீதி வழியே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். சமவெளியில் மணிக்கு 40 கிலோமீற்றரும் மலையில் 25 முதல் 30 கிலோமீற்றரும் என்று கணக்கு வைத்தால் ஏமாற மாட்டீர்கள். அதிவேக நெடுஞ்சாலைகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே 100 வரை ஓடலாம்.

அடுத்து, ரயில் பாதைகளின் அமைப்பு. ஏறக்குறைய எல்லாப் பாதைகளும் கொழும்பிலிருந்து விசிறி போலப் பிரிகின்றன. ஒரு பாதையின் நுனியையும் மற்றதன் நுனியையும் இணைக்கும் குறுக்குப் பாதை கிடையாது. சீகிரியாவுக்கும், யால சரணாலயத்துக்கும், அறுகம்பைக்கும் தண்டவாளமே இல்லை. ஆகவே பத்து நாளுக்கும் சேர்த்து ஒரே வாகனத்தைத் தெரிவு செய்வதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே முடிவெடுத்தால் பணமும் மிஞ்சும், பயணமும் இனிக்கும்.

கொழும்பு – கண்டி

ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பஸ்ஸில் மூன்று முதல் நான்கு. தனி வாகனமும் அதே கண்டி வீதியில், அதே கடுகண்ணாவ ஏற்றத்தில்தான் போக வேண்டும் என்பதால் பெரிதாக முந்திவிடாது. ரயில் கண்டி வரை ஓடும் காலத்தில் இந்தப் பாதையில் அதற்கே முதலிடம். ரம்புக்கனை தாண்டியதும் மலையேற்றம் தொடங்கும். பள்ளத்தாக்கு விரிவது வலப்பக்கம், அதனால் கண்டி நோக்கிப் போகும்போது வலப்பக்க ஆசனம் கேளுங்கள்.

வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும், போயா (பௌர்ணமி) தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளும் தவிர்க்க வேண்டியவை. அந்த நாட்களில் முன்பதிவு ஆசனம் இல்லாமல் ஏறினால் மூன்று மணி நேரமும் நின்றபடிதான். அப்போது பஸ்ஸே மேல். புறக்கோட்டை பஸ்தியான் மாவத்தையிலிருந்து 1ஆம் இலக்க பஸ்கள் அடிக்கடி புறப்படும். ஏ.சி. பஸ்ஸுக்குச் சாதாரண பஸ்ஸைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கட்டணம். பஸ்ஸின் குறை ஒன்றே ஒன்று, பயணப் பெட்டிக்கு இடமில்லாதது. பெரிய பெட்டி இருந்தால் அதற்கும் ஒரு ஆசனக் காசு கொடுத்துவிடுவதே நிம்மதி. 

கண்டி – நுவரெலியா – எல்ல

எல்லோரும் இலங்கைக்கு வருவதே இந்த ரயிலுக்காகத்தான் என்று சொல்லுமளவுக்குப் பெயர் பெற்ற பாதை. 1924இல் கடைசி நிலையமான பதுளையை எட்டிய இந்தத் தண்டவாளம் பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகள் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தன. எனவே ஹோட்டல் பதிவு செய்யும் முன்பே, எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதை ரயில்வே திணைக்களத்தின் முன்பதிவுத் தளத்திலோ நிலையத்திலோ உறுதி செய்யுங்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

வகுப்பைத் தெரிவு செய்வதில் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் வகுப்பு ஏ.சி. பெட்டியில் ஜன்னல் திறக்காது. கண்ணாடியில் உங்கள் முகமே பிரதிபலிக்கும், படமும் சரியாக வராது. ஜன்னல் திறக்கும், மின்விசிறியுள்ள முன்பதிவு இரண்டாம் வகுப்புதான் இந்தப் பாதைக்குச் சரியானது. மேலே குளிர்காற்று வீசுவதால் ஏ.சி. தேவையும் இல்லை. முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். பிரபலமான ரயில்களின் ஆசனங்கள் அன்றே முடிந்துவிடும். கடவுச்சீட்டு இலக்கத்தைச் சரியாகக் கொடுங்கள், ஏனெனில் வேறொருவர் பெயரில் வாங்கிய சீட்டை இடைத்தரகரிடம் பல மடங்கு விலைக்கு வாங்கினால், பரிசோதனையில் அது செல்லாமல் போகலாம். முன்பதிவு கிடைக்காவிட்டால் பயணம் இல்லை என்று அர்த்தமில்லை. முன்பதிவற்ற இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டுகள் புறப்படும் நாளில் நிலையத்தில் கிடைக்கும். ஆசனத்துக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

கண்டி நிலையத்தில் பிரதான பாதை முட்டி நிற்கிறது. உள்ளே வரும் பதுளை ரயில்கள் திசை மாற்றித்தான் வெளியேறும். அதனால் கொழும்பிலிருந்து முன்னோக்கி அமர்ந்து வந்தவர் அதன் பிறகு பின்னோக்கிப் போவார், வலப்பக்கம் இருந்தவர் இடப்பக்கம் ஆவார். சில ரயில்கள் கண்டிக்குள் வராமலே பேராதனைச் சந்தி வழியாகப் போய்விடும். கண்டியில் தங்கியிருப்பவர்கள் சீட்டில் எந்த நிலையம் எழுதியிருக்கிறது என்று பார்க்காவிட்டால், சரியான நேரத்தில் தவறான நிலையத்தில் நிற்க நேரிடும்.

கண்டியிலிருந்து எல்ல வரை ஆறு முதல் ஏழு மணி நேரம். அதே பயணத்தை வாகனத்தில் ஐந்து மணி நேரத்தில் முடிக்கலாம். குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் இரண்டையும் கலப்பதே மிகச் சிறந்த வழி. கண்டியிலிருந்து ரம்பொடை வழியே வாகனத்தில் நுவரெலியா போய் ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் காலை நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நானுஓயாவில் ரயில் ஏறுங்கள். பெட்டிகளோடு சாரதி வீதி வழியே வந்து எல்லயில் காத்திருப்பார். பட்டிப்பொலை, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை ஆகிய அழகான பகுதிகளெல்லாம் நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் இடையில்தான் வருகின்றன. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், சலிப்பும் வராது. பிற்பகலில் முகில் மூடிவிடும் என்பதால் காலை ரயிலையே பிடியுங்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்ல நிலையத்தைத் தாண்டி தெமோதரைப் பக்கம் இருக்கிறது. எல்லயில் இறங்குகிறவர்கள் ரயிலிலிருந்து அதைப் பார்க்க முடியாது.

கதவில் தொங்கிப் படமெடுப்பதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். மலையை வெட்டிப் போட்ட பாதை இது. பாறையும் சுரங்கச் சுவரும் பெட்டிக்கு மிக அருகில் வரும். விழுந்து இறந்த பயணிகள் இருக்கிறார்கள்.

மலைநாட்டில் பஸ்ஸைப் பகலில் மட்டும் பயன்படுத்துங்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டிஎல்லயில் அதிகாலை நேரத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீண்ட இரவு ஓட்டமும் செங்குத்து வளைவும் சேரும்போது, மிச்சமாகும் ஒரு இரவு ஹோட்டல் செலவுக்காக அந்த ஆபத்தை எடுப்பது தகாது.

சீகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை, அநுராதபுரம்

இங்கே ரயில் தோற்றுவிடுகிறது. அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் ரயில் உண்டு, ஆனால் அவை இரண்டு வெவ்வேறு பாதைகளில். சீகிரியாவுக்குக் கிட்டிய நிலையமான ஹபரணையில் நிற்கும் ரயில்கள் மிகக் குறைவு. பஸ்ஸில் கண்டியிலிருந்து தம்புள்ளை இரண்டரை மணி நேரம், அங்கிருந்து சீகிரியாவுக்கு வேறு பஸ். மாலையானால் அதுவும் நின்றுவிடும். சீகிரியாக் குன்றிலேற வெயிலுக்கு முன் காலையிலேயே அடிவாரத்தில் நிற்க வேண்டுமென்பதால், இந்த இரண்டு மூன்று நாட்களுக்குச் சாரதியோடு வாகனம் எடுப்பதே நியாயமான செலவு.

வழக்கமாக ஒரு நாளுக்கு 50 முதல் 80 அமெரிக்க டொலர் வரை கேட்பார்கள். தொகையைவிட அதற்குள் என்ன அடங்குகிறது என்பதே முக்கியம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், மேலதிகக் கிலோமீற்றருக்கு எவ்வளவு, எரிபொருள் யாருடையது, அதிவேக நெடுஞ்சாலைக் கட்டணம், வாகனத் தரிப்பிடம், சாரதியின் சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். பல ஹோட்டல்களில் சாரதிக்கு அறை உண்டு, சிறு விடுதிகளில் இல்லை. இதைப் பேசாமல் விட்டால் சாரதி இரவெல்லாம் வாகனத்திலேயே தூங்கிவிட்டு மறுநாள் மலைவீதியில் ஓட்டுவார். அவருக்கும் அநியாயம், உங்களுக்கும் ஆபத்து. வழியில் இறங்கிக்கொள்வதானால் வாகனம் வெறுமனே திரும்பும் தூரத்துக்கும் காசு கேட்பார்கள். ஆகவே சுற்று தொடங்கிய ஊரிலேயே முடியும்படி வாகனத்தை அமர்த்துங்கள்.

வாகனத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. சிறிய காரில் இருவரும் இரண்டு சிறு பெட்டிகளும் போகலாம். நான்கு பேர் நான்கு பெரிய பெட்டிகளோடு வந்தால் கே.டி.எச். எனப்படும் பெரிய வான்தான் சரி. மாத்தளைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் இரத்தினக்கல் கடைகளிலும் நிறுத்தினால் சாரதிக்குத் தரகு கிடைக்கும். விருப்பமில்லையென்றால் முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், யாரும் கோபிப்பதில்லை. சரித்திர விளக்கமும் வேண்டுமென்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள சாரதி வழிகாட்டியைக் கேளுங்கள். வெறும் சாரதி அந்த வேலையைச் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர்.

தெற்குக் கரை

கொழும்பிலிருந்து காலிக்கு வேகம் வேண்டுமா, கடல் வேண்டுமா என்பதுதான் கேள்வி. மாக்கும்புர நிலையத்திலிருந்து புறப்படும் அதிவேக நெடுஞ்சாலை பஸ்கள் ஒன்றரை மணி நேரத்தில் காலியை எட்டும், கடல் கண்ணில் படாது. ரயிலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஆனால் பெரும்பகுதி கடலோரமாகவே. தெற்கே போகும்போது வலப்பக்கம் கடல். அலுவலகம் முடியும் மாலை நேரத்தில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறினால் அந்த ஜன்னல் உங்களுக்குக் கிடைக்காது. காலி, மிரிஸ்ஸ, மாத்தறை, தங்காலை ஆகிய ஊர்களுக்கிடையே வாகனம் தேவையே இல்லை. கரை வீதியில் பஸ்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். எல்லயிலிருந்து யாலவுக்குப் போகும் திஸ்ஸமகாராமவுக்கு மட்டும், பஸ் என்றால் வெல்லவாயவில் மாற வேண்டியிருப்பதால், ஒரு வழி வாகனம் பிடிக்கலாம். சரணாலயத்துக்குள் ஜீப்பில்தான் சுற்றப்போகிறீர்கள். வெளியே காத்திருக்கும் வாகனத்துக்கு நாள் வாடகை கொடுப்பது வீண்.

வடக்கும் கிழக்கும்

கொழும்பு – யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர். போரில் அழிந்த தண்டவாளம் 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. பகல் ரயிலில் ஆறரை முதல் எட்டு மணி நேரம், நீட்டிக்கொள்ளக் கால் இடமும் உண்டு. 87ஆம் இலக்க இரவு பஸ்ஸும் ஏறக்குறைய அதே நேரமே எடுக்கும். பாதை சமவெளி என்பதால் மலைநாட்டு இரவு ஓட்டம் போன்ற அச்சமில்லை. ஆனால் அதிகாலை நான்கு மணிக்கே இறக்கிவிடும், ஏ.சி. குளிரும் கடுமை. ஒரு போர்வை கையோடு இருக்கட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கவில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானமும், நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. கப்பல் கடலின் நிலையைப் பொறுத்தது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். வடக்கே இறங்கித் தெற்கே போய்க் கொழும்பிலிருந்து திரும்பினால் ஒரு முழு நாள் மிச்சம்.

திருகோணமலை, மட்டக்களப்பு ரயில்கள் கல்ஓயாச் சந்தியில் பிரிகின்றன. அந்தக் காட்டுப் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் மட்டக்களப்பு ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. அங்கே ரயில் மெதுவாக ஊர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது அவசியமான தாமதம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கும், அங்கிருந்து பொத்துவிலுக்கும் பஸ்தான். சன நெரிசல் குறைவு, சாரதி நடத்துநரோடு தமிழிலேயே பேசலாம். பஸ் பயணத்துக்குப் புதியவர்கள் தொடங்கவேண்டிய இடம் கிழக்கு.

ஓட்டோவும் சுயமாக ஓட்டுவதும்

நிலையத்திலிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து கோயிலுக்கு என 20 கிலோமீற்றருக்குள் ஓட்டோவை மிஞ்ச எதுவும் இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் பிக்மீ, ஊபர் செயலிகளில் அழைத்தால் பேரம் பேச வேண்டியதில்லை. எல்ல, மிரிஸ்ஸ போன்ற சுற்றுலா ஊர்களில் தரிப்பிட ஓட்டோக்காரர்கள் செயலி வண்டிகளை விரும்புவதில்லை. அங்கே ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். நீண்ட தூரத்துக்கு ஓட்டோ உதவாது. அதன் சட்ட வேகமே மணிக்கு 40 கிலோமீற்றர், அதிவேக நெடுஞ்சாலையில் நுழைய அனுமதியும் இல்லை.

தாமே காரோட்ட நினைப்பவர்களுக்குச் சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. இலங்கையில் அதற்கு அங்கீகாரம் பெற வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் தரும் கருமபீடம் இயங்குகிறது. இருந்தாலும் சாரதியோடு வரும் வாகனத்தைவிட இதில் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. எதிரே முந்திவரும் தனியார் பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுக்கத் தெரிய வேண்டும். விபத்தென்றால் பொலிஸ் நிலையத்திலேயே ஒரு நாள் போய்விடும். முதன்முறை வருகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது.

ஓட்டோவை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் வழக்கமும் பரவியிருக்கிறது. முச்சக்கர வண்டிக்கான அனுமதி தனியே வேண்டும். அதை வாடகைக்குக் கொடுப்பவர்களே முன்கூட்டி எடுத்துத் தருவார்கள், ஆனால் ஆவணங்களைச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். வடக்கு, கிழக்குச் சமவெளிகளில் இது உண்மையிலேயே ஆனந்தமான பயணம். மலையில் இறங்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். மாலை ஆறு மணிக்குள் விடுதியை எட்டும்படி புறப்படுங்கள். ஹபரணை – திருகோணமலை வீதியிலும் புத்தல – கதிர்காமம் வீதியிலும் அந்த நேரத்துக்கு யானைகள் வீதிக்கு வரும். புத்தல வீதியில் பயணிகள் உணவு கொடுத்துப் பழக்கிவிட்டதால் பகலிலும் வாகனங்களை வழிமறிக்கும். அங்கே நிறுத்தவும் வேண்டாம், ஹோன் அடிக்கவும் வேண்டாம். எதிரே யானை நின்றால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பெரிய பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள்.