எட்டு வருஷம், நாலு பீடிங்: மலை வண்டியும் பின் கதவுப் புழுதியும்

போன வாரம் கோயமுத்தூரிலிருந்து சித்தப்பா பையன் கூப்பிட்டான். "அண்ணா, உங்க வண்டி மாதிரியே ஒன்னு விலைக்கு வருதுங்க. கொஞ்சம் குறைச்சுக் கேட்டாலும் தருவாங்க போல. எடுக்கலாமுங்களா?" அன்று காலையில்தான் பின் கதவுக்கு, புழுதி வராமல் அடைக்கும் ரப்பர் பீடிங்கை நாலாவது முறையாக மாற்றிவிட்டு கோத்தகிரி வீட்டுக்கு வந்திருந்தேன். "வேண்டாம்டா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தால், எட்டு வருஷம் ஓட்டிய வண்டிக்கு அந்த ஒரு சொல் போதாது.

இன்ஜின், மைலேஜ், இழுவை எல்லாம் அவனே படித்திருப்பான். பழைய டீசல், ஃபோர் வீல் டிரைவ், மெதுவாக ஊர்ந்து இழுக்க லோ கியர் உண்டு. நான் இதை வாங்கியது கல் பார்க்க. நீலகிரியின் ரோட்டோர வெட்டுகளில் தெரியும் பாறை எனக்குப் பெரிய ஆசை. அதைப் பார்க்க வேண்டுமானால் வண்டி நடை வேகத்தில் ஊர வேண்டும். அதில் இது ஒரு குறையும் வைத்ததில்லை.

மழை முடிந்த மாதங்களில் எஸ்டேட் மண் ரோட்டில் லோ போட்டு, இரண்டாவது கியரில் விட்டுவிட்டால் பிரேக்கைத் தொடவே வேண்டாம். இன்ஜினே பிடித்துக்கொள்ளும். கண்ணை வெட்டுச் சுவர் பக்கம் கொஞ்சம் திருப்பலாம். மேலே செம்மண், அதற்குக் கீழே வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்த உருண்டைப் பாறைகள், அடியில் கெட்டிக் கருங்கல். இந்த மலையில் நாம் கருங்கல் என்பதைத்தான் நிலவியலில் சார்னோகைட் என்கிறார்கள். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கல். அதை வைத்து 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரை வைத்தார். ரோடு அகலப்படுத்த வெடி வைத்த இடத்தில் புதிதாக உடைந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போல ஒரு பச்சை கலந்த கருமை. அதே கல்லின் வெயில் பட்ட பக்கம் துருப்பிடித்த தகரம் போல இருக்கும். சுமார் 250 கோடி வருஷக் கல் அது. அந்தத் துருதான் நாளாவட்டத்தில் நம் செம்மண் ஆகிறது. அந்த மண் போர்வை சரிவில் தண்ணீரைக் குடித்துக் கனத்தால் என்ன ஆகும் என்பதை 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மலை பார்த்தது. அதற்குப் பிறகு வெட்டுச் சுவரை வெறும் அழகாக என்னால் பார்க்க முடிவதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக்கூடாது. இந்த மாதிரி வண்டியில் கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், ஆனால் உள்ளே இரண்டும் பூட்டிக் கிடக்கும். ஸ்டீயரிங் இறுகும், கியர் பெட்டி தேயும். ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டி ரோட்டின் 36 வளைவுக்கும் சாதாரண முதல் கியர், இரண்டாம் கியரே போதும்.

அந்தக் கல்லட்டி இறக்கம்தான் எனக்கு இந்த மலையிலேயே பிடித்த ரோடு. ஊட்டியில் ஸ்வெட்டரோடு கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி, சீகூர் பீடபூமியின் முள்காட்டில் சட்டை நனைய நிற்பீர்கள். மலை மழையைத் தடுத்துவிடுவதால் அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் மாயாறு பள்ளத்தாக்கு. நீலகிரியையும் மைசூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தையும் பிரிப்பது அதுதான். பூமி ஒரு காலத்தில் நகர்ந்து அரைத்த கோட்டில் பாறை நொறுங்கிப் போயிருக்கிறது. ஆறு அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு அறுத்திருக்கிறது. கோடநாடு காட்சி முனையிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு நேராக ஓடுவது தெரியும், கீழே தெங்குமரஹாடா வயல் ஒரு பச்சைத் துண்டாக.

சரி, புழுதிக்கு வருகிறேன். சீகூர் பீடபூமியில் இருக்கும் பொக்காபுரம் பக்கம் மண் ரோட்டில் பத்து நிமிஷம் ஓடினால் போதும், பின் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம். முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து பின் கதவைத் திறந்தால் ஸ்டெப்னி, ஜாக்கி, மனைவியின் காய்கறிப் பை, தண்ணீர் கேன் மூடியின் மரை வரை மாவு போலப் படிந்திருக்கும். கோத்தகிரி எஸ்டேட் ரோட்டில் போன நாள் அது செக்கச்செவேல், சீகூர் போன நாள் மங்கிய பழுப்பு. எந்த நாள் எங்கே போனேன் என்று வீட்டில் எல்லோரும் துடைத்த துணியைப் பார்த்தே சொல்கிறார்கள்.

முதல் மூன்று பீடிங்கும் பழுதில்லை. தப்பு வேறு இடத்தில். வண்டியின் பின்பக்கம் பெட்டி மாதிரித் தட்டையாக இருப்பதால், ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைகிறது, டயர் கிளப்பிய புழுதி அங்கேயே சுழல்கிறது. கதவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் உள்ளே வந்துவிடும். ஸ்டெப்னி பின் கதவில் தொங்குவதால் அந்தக் கனத்தில் கீல் தொய்ந்து, பூட்டுப் பக்கம் மேல் மூலையில் ஒரு இடைவெளி. புது ரப்பர் போட்டால் ஆறு மாசம் மூடும். பிறகு பழையபடி. பின் ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசம். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, வெளிக்காற்று வரும்படி வைத்து புளோயரை முழு வேகத்தில் விட்டால் உள்ளே அழுத்தம் கூடிப் பாதிக்குப் பாதி குறைகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது. மூன்று மெக்கானிக்கில் ஒருவர்கூட கீலைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இந்த முறை டிங்கரிங் செய்பவர்தான் கதவைக் கையால் தூக்கிப் பார்த்து, "ஏனுங்க, கதவே இறங்கியிருக்குதுங்க, ரப்பர் என்ன பண்ணும்?" என்றார். கீல் பின் மாற்றி, அதன் பிறகு பீடிங் போட்டார்.

இவ்வளவு சொன்ன பிறகும் தம்பிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வண்டி மோசம் என்பதால் அல்ல. எட்டு வருஷத்தில் நடுவழியில் ஒரு நாள்கூட என்னை நிறுத்தியதில்லை. ஆனால் அவன் வண்டி நீலகிரிக்குள் வர ஒவ்வொரு முறையும் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் அப்படித்தான். வெளியூர் வண்டியைக் கல்லட்டியில் ஏற விடுவார்கள், இறங்க விடமாட்டார்கள். காட்டுத் தடத்தில் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது, அது யானை வழி. கோயமுத்தூர் சிக்னலில் நிற்பதற்கு லோ கியர் எதற்கு?

அப்படியும் எடுத்தே தீருவேன் என்றால், விலை பேசுவதற்கு முன் பின் கதவைத் திறந்து, கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆடினால் கீல் போய்விட்டது. என்னுடையது நேற்று ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொக்காபுரம் போய்வந்து, பின் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைத்துப் பார்க்கப்போகிறேன்.