சிங்கப்பூர் தேக்கா பக்கம் ‘கர்ப்பப்பை சுத்தம்’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் எனக்கு வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடுதல். தேக்காவில் புருவம் திருத்தப் போன இடத்தில் இதைச் சொல்லித் தொலைத்தேன். “பழைய ரத்தம் கர்ப்பப்பையில தேங்கிக் கிடக்குதும்மா, விட்டா கட்டியாயிடும்” என்றார் கடை அக்கா. ஆறு மூலிகை முடிச்சு, 480 வெள்ளி. நின்ற இடத்திலேயே கைபேசியில் பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

சுண்டைக்காய் அளவுத் துணி முடிச்சு, வாலாக ஒரு நூல். உள்ளே வைத்தால் ஒரு நாள் எடுக்கக் கூடாதாம். ராத்திரியே எரிச்சல். மறுநாள் நூலை இழுத்தால் பழுப்பும் வெள்ளையுமாகத் துணுக்குகள். படம் எடுத்து அனுப்பினேன். “பாத்தீங்களா, அழுக்கு வருது!” என்று பதில்.

மூன்றாம் நாள் சிறுநீர் போகவே உயிர் போனது. பலதுறை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் ஒரு தாளில் பேரிக்காயைத் தலைகீழாக வரைந்தார். அதுதான் கர்ப்பப்பை, ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். அதன் கழுத்து யோனிக்குள் இறங்கி நிற்கிறது; கழுத்திலுள்ள துவாரம் சில மில்லிமீட்டர்தான். நான் வைத்த முடிச்சு கழுத்துக்குக் கீழே யோனியிலேயே கிடந்திருக்கிறது, கர்ப்பப்பையை எட்டவே இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதாமாதம் தடிக்கிறது, கரு தங்காவிட்டால் தீட்டாகத் தானே உதிர்ந்துவிடுகிறது. யோனியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கின்றன. மூலிகை அந்தச் சமநிலையைக் கலைத்து, சுவரையும் புண்ணாக்கிவிட்டது. ‘அழுக்கு’ என்று படம் பிடித்தேனே, அது என் யோனிச் சவ்வு உரிந்து வந்தது.

சரி, அந்த வெள்ளைப்படுதல்? நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இல்லையென்றால் இயல்புதானாம். கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுக்குமாம். தாதி வேறு, “முப்பது தாண்டினா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எச்பிவி பரிசோதனை, செஞ்சீங்களா?” என்று கேட்டார். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. செய்யவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகளின் தொடக்கநிலை 5 அறிவியல் புத்தகத்தில் அதே பேரிக்காய். போன வாரம்தான் அந்தப் பக்கத்தில் அவளிடம் கேள்வி கேட்டிருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க ஒழுங்கா வைக்கலை” என்றார் அக்கா. ரசீதில் கடைப் பெயர்கூடக் கிடையாது. பேநவ் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அதே எண்ணிலிருந்து வாட்ஸ்அப்: “தீபாவளிச் சலுகை! தங்கச்சியோட வந்தா ஒருத்தருக்குப் பாதி விலை.”