போனது திரும்புமா? ரோல்பிளே கதையின் இருளை முடிவுசெய்வது பற்றி ஒரு நெடுநாள் அனுபவம்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசியும் பகடை உருட்டியும் சேர்ந்து கதை சொல்லும் விளையாட்டுதான் ரோல்பிளே. புதிதாக ஒரு குழு கூடும்போது, கதை நடத்துபவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எவ்வளவு டார்க்கா போகலாம்? பத்துக்கு எத்தனை?" ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் எட்டு என்பார். ஏழு என்று எழுதிவைத்துக்கொண்டு ஆட்டம் தொடங்கும். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக ஒரே குழுவோடு தமிழில் விளையாடி வருகிறேன். பாதிக்கு மேற்பட்ட கதைகளை நடத்தியதும் நான்தான். எண் கேட்பது, படிவம் நிரப்புவது, அட்டை வைப்பது எல்லாவற்றையும் நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. நாசி பாடாங் கடையில் காரம் எவ்வளவு என்று கேட்பது போலத்தான் அந்த எண்ணும். அவரவர் நாக்குக்கு அவரவர் ஆறு.

என் அனுபவத்தில் கதையின் இருளை முடிவுசெய்வது ரத்தமும் அல்ல, பேயும் அல்ல. போனது திரும்புமா, திரும்பாதா என்பதுதான். இறந்தவர் எழுவாரா? காட்டிக்கொடுத்தவனை மன்னிக்க வழி இருக்கிறதா? எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாமா? இதை முதல் நாளே பேசிவிட்டால் மற்றவற்றைப் பேசுவது சுலபம். இதைப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் நடுக்கதையில் யாராவது ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்.

எங்கள் குழு சிறியது. மருத்துவமனையில் தாதியாக வேலை செய்யும் அக்கா, தொடக்கக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், ஜோகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி வரும் அண்ணன், அண்மையில் சேர்ந்த, தேசிய சேவையில் இருக்கும் தம்பி, அப்புறம் நான். ஈசூனில் என் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எல்லாம் நடக்கும்.

முதலில் நீங்கள் ஆடப்போகும் விதிகளைக் கவனியுங்கள். வாயால் என்ன பேசி வைத்தாலும் கடைசியில் விதிப்புத்தகம் சொல்வதுதான் நடக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்த விளையாட்டு. நாங்கள் அதிகம் ஆடியது 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பு. அதில் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கினால் பாத்திரம் பொதுவாக உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால்தான் சாவு. அதோடும் முடியவில்லை. கிளெரிக் என்ற பூசாரி வகைப் பாத்திரம் ஐந்தாம் நிலையை எட்டியதும் ரிவிவிஃபை என்ற மந்திரம் கைக்கு வந்துவிடுகிறது. இறந்து ஒரு நிமிடத்துக்குள், 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் கையில் இருந்தால், ஆள் எழுந்துவிடுவார். முதல் நான்கு நிலைகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடிய அதே குழுவுக்கு அதன் பிறகு சாவு ஒரு செலவுக் கணக்கு. கொடூரமான உலகம் என்று நான் எத்தனை வர்ணித்தாலும் மேசையில் எழும் கேள்வி "வைரம் இருக்கா?" என்பதுதான். உண்மையிலேயே கனமான கதை வேண்டுமென்றால் அந்த மந்திரத்தை முதல் நாளே, எல்லோரும் சம்மதித்து, எடுத்துவிட வேண்டும். நடுவில் எடுத்தால் கிளெரிக் ஆடுபவருக்கு அநியாயம்.

இதற்கு நேரெதிர் 1981இல் வந்த கால் ஆஃப் கதூலூ என்ற திகில் விளையாட்டு. அதில் பாத்திரத்துக்கு மனத்தெளிவுக்கென்று தனிப் புள்ளிகள் உண்டு. பயங்கரங்களைப் பற்றிய அறிவு கூடக்கூட, அந்தப் புள்ளிகளின் உச்சவரம்பே இறங்கிக்கொண்டு வரும். அந்த அறிவின் மதிப்பை 99இலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் வரம்பு. கொஞ்சம் தேறலாம், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத காட்சிகூட அந்த விதியால் கனத்துப் போகிறது. 2017இல் வந்த டேல்ஸ் ஃபிரம் த லூப் விளையாட்டில் நாம் ஆடுவது 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளை. விதிப்படியே அவர்கள் சாக மாட்டார்கள். பெற்றோர் பிரிவதும் நண்பன் ஊரைவிட்டுப் போவதும் அங்கே தாராளமாக நடக்கலாம். உயிருக்கு மட்டும் ஆபத்தில்லை. குடும்பத்தோடு ஆட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2015இல் வந்த டென் கேண்டில்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மெழுகுவர்த்தி ஏற்றி, விளக்கை அணைத்துவிட்டு ஆடும் ஒரே இரவுக் கதை. கடைசிக் காட்சியில் எல்லாப் பாத்திரங்களும் இறப்பது உறுதி. நாங்கள் ஆடியபோது, வீடு இருட்டாக இருக்கிறதே, கரண்ட் போய்விட்டதா என்று எதிர்வீட்டு ஆண்ட்டி கதவைத் தட்டிக் கேட்டார். அந்த இரவில் ஒருவரும் தன் பாத்திரத்தைக் காப்பாற்றக் கணக்குப் போடவில்லை. எப்போதும் ஒதுங்கியே நிற்கும் தம்பியின் பாத்திரம் தன்னிடமிருந்த கடைசித் தண்ணீரை அக்காவின் பாத்திரத்துக்குக் கொடுத்தது. முடிவு தெரிந்திருந்ததால் வந்த சுதந்திரம் அது என்று நினைக்கிறேன்.

அடுத்தது அட்டை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை மிக எளிது: எக்ஸ் போட்ட ஓர் அட்டை மேசை நடுவில் கிடக்கும். யாருக்காவது ஒரு காட்சி ஒத்துவரவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் கேட்கவும் கூடாது. காட்சி மாறிவிடும். இது எதற்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. புலாவ் உபின் தீவில் கருங்கல் குவாரி ஓடிய காலத்தில் நடக்கும் பேய்க்கதை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். வாழைத்தோப்பில் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய், கிழிந்த வயிறு, கம்போங் முழுக்க அலறல். எல்லோருக்கும் கொண்டாட்டம், அக்காவுக்கு எல்லோரையும்விட அதிகம். பிறகு ஒரு முதியவர் படுக்கையில் கிடக்கும் காட்சி வந்தது. சத்தமில்லை, ரத்தமில்லை; மூச்சுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். அக்கா கை நீட்டி அட்டையைத் தொட்டார். "தாத்தா மறுநாள் காலையில எழுந்து கோப்பி கேட்டார்," என்று சொல்லிவிட்டுக் கதையைத் தோப்புக்குத் திருப்பினேன். ஐந்து நிமிடத்தில் அக்கா பேயை விரட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார். இரவுப் பணியில் அவர் என்ன பார்க்கிறார் என்பது எந்தப் படிவத்திலும் வராது. பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் ஒன்பது என்றுதான் சொல்லியிருப்பார்.

ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் சொன்ன கோடு, திரை என்ற பாகுபாடும் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. கோட்டுக்கு அப்பால் இருப்பது கதையில் வரவே வராது. திரைக்குப் பின்னால் இருப்பது நடக்கும், ஆனால் காட்ட மாட்டோம். கதவு மூடும், அடுத்த காட்சி விடியும். எங்கள் மேசையில் குழந்தைகளுக்கு நேரும் கொடுமை கோட்டுக்கு அப்பால். சித்திரவதை திரைக்குப் பின்னால். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைப் புதுப்பியுங்கள். குழந்தை பிறந்த பிறகு ஆசிரியரின் பட்டியல் பாதிக்கு மேல் மாறிப்போயிற்று.

எல்லோரும் கோடு என்றால் இருட்டைத் தடுப்பது என்றே நினைக்கிறார்கள். கதையை லேசாக்கக் கூடாது என்பதும் ஒரு கோடு என்று எனக்குக் காட்டியவர் ஜோகூர் அண்ணன். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் சியோனான் என்று பெயர் மாறிக் கிடந்த காலத்தை வைத்து, சயாம் – பர்மா ரயில்பாதை வரை போகும் கதை ஒன்றை ஆசிரியர் முன்வைத்தார். பான் போங்கிலிருந்து தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் பாதையை இணைத்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் மலேரியாவிலும் காலராவிலும் பசியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆடலாம். ஆனா எல்லாரையும் காப்பாத்தி முடிக்காதீங்க. எங்க கொள்ளுத்தாத்தா வரலை."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே முழுக் கதையையும் அமைத்தோம். பகடையில் எவ்வளவு விழுந்தாலும் பாதை கட்டி முடிக்கப்படும், முகாம் காலியாகாது. பாத்திரங்களால் காப்பாற்ற முடிந்தவை சிறியவை: ஒருவனுக்குக் கிடைத்த கொய்னா மாத்திரை, ஒரு கடிதம், மூங்கில் பட்டையின் உள்பக்கத்தில் கீறி வைத்த பெயர்கள். அண்ணனின் பாத்திரம் ஒவ்வொரு மாலையும் அந்தப் பட்டையை எடுக்கும், அவர் தன் குறிப்பேட்டில் உண்மையாகவே ஒரு பெயர் எழுதுவார். கதை முடிந்த பிறகு அந்தக் குறிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதே கதையில்தான் நாங்கள் அதிகம் சிரித்தோம் என்றால் நம்ப மாட்டீர்கள். இரவில் குடிசைக்குள் ஆசிரியரின் பாத்திரம் பழைய தோட்டத்துக் கங்காணி போல நடந்து காட்டும், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது பாத்திரங்களின் சிரிப்பு. மேசையில் இருக்கும் நாம் அவர்கள் நிலையைப் பார்த்து அடிக்கும் ஜோக் வேறு. பாத்திரங்கள் சிரித்தால் கதையின் கனம் கூடும். நாம் வெளியிலிருந்து சிரித்தால் கதை கலைந்துபோகும். கனமான கதை தொடங்கும்முன் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சிரிக்கப்போவது யார்?

லேசான கதைக்கும் இதே அளவு யோசனை வேண்டும். எதுவுமே இழக்க முடியாத கதை அரை மணி நேரத்தில் சலித்துவிடும். சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டி நிஜமாகவே குதிரைப் பந்தயம் நடந்த காலம் ஒன்று உண்டு. 1933இல் அது புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. அந்தக் காலத்தை வைத்து நாங்கள் ஆடிய கதையில், பந்தய நாளன்று பஃபலோ ரோட்டிலிருந்து ஓர் எருமை தப்பித்துப் பந்தயத் திடலை நோக்கி ஓடுகிறது. பிடிக்க வேண்டியது நாம். யாருக்கும் அடிபடாது, யாரும் சாக மாட்டார்கள், வேட்டி கிழியும், மானம் போகும். திரும்பாதது ஒன்றே ஒன்று: நேரம். மூன்று மணிக்குப் பந்தயம் தொடங்கிவிடும். அந்த ஒரு கெடுவால்தான் நாங்கள் ஆடிய மூன்று மணி நேரமும் ஒருவர்கூடக் கைப்பேசியைத் தொடவில்லை. லேசான கதை வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை, திரும்பாத ஒன்றை வையுங்கள், அது சிறியதாக இருக்கட்டும்.

நடைமுறையில் சில. கனமான காட்சி கடைசி ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது முடிந்துவிட வேண்டும். மிச்ச நேரத்தில் தேநீர் போட்டுப் பாத்திரங்களை விட்டு வெளியே வந்து பேசுவோம். ஒருவரைக் கலங்கிய மனத்தோடு தனியாக ரயிலில் அனுப்புவது சரியில்லை. அண்ணனுக்கோ குடிநுழைவு வரிசையும் காத்திருக்கும். சீனர்களின் பசித்த ஆவிகள் மாதத்தில், கீழ்த்தளத்துக்கு அருகே அண்டை வீட்டார் தாள் எரிக்கும் நாள்களில், பேய்க்கதை வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அந்த மாதம் எருமைக் கதை வகைதான். தேசிய சேவை முகாமிலிருந்து நேராக வரும் தம்பி சண்டைக்கதை வேண்டாம், துப்பறியும் கதை போதும் என்கிறான். வாரத்துக்கு வாரம் மனநிலை மாறும் என்பதால் தொடங்கும்முன் "இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதை நான் விடுவதில்லை.

தனியாக ஏஐ உரையாடல் செயலியோடு ஆடுபவர்களும் இப்போது நிறைய. நானும் காட்சிகளை ஒத்திகை பார்க்க ஒன்றைப் பயன்படுத்துகிறேன். டார்க் என்று மட்டும் எழுதினால் மழையும் நிழலும் ரத்தமும் வந்துவிடுகின்றன, ஆனால் ஒருவனும் எதையும் இழப்பதில்லை. குத்துப்பட்டவன் இரண்டு பத்திக்குள் எழுந்து ஓடுகிறான். "இறந்தவர் திரும்ப மாட்டார், காயம் ஆற நாளாகும், இழந்த நம்பிக்கையை ஒரு மன்னிப்பில் மீட்க முடியாது" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். உரையாடல் நீண்டால் நடுவில் அதையே மறுபடி நினைவூட்டுங்கள். வேறுபாடு நன்றாகவே தெரிகிறது.

இப்போது ஆடிக்கொண்டிருப்பது மீண்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். போனவர் திரும்புவாரா என்ற கேள்விக்கு இந்த முறை குழு கூடி எடுத்த முடிவு: திரும்பலாம், கதை முழுவதற்கும் ஒரே ஒரு தடவை. வைரம் அக்காவின் பாத்திரத்திடம் இருக்கிறது. போன மாதம் ஆசிரியரின் பாத்திரம் மூன்றாவது தோல்வியையும் உருட்டியபோது, "வேண்டாம், அதை வெச்சிருங்க, தம்பி புதுசு," என்று அவரே சொல்லிவிட்டு அன்றிரவே புதுப் பாத்திரம் எழுத உட்கார்ந்தார்.