மச்சான் ரிப்போர்ட்டும் என் ரிப்போர்ட்டும்: கொலஸ்ட்ராலுக்குக் காரணம் பரம்பரையா, சாப்பாடா?

"லேப்ல பேரை மாத்திப் போட்டுட்டானுங்களா மாப்ள?" என்று கேட்டார் மச்சான். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வருகிற சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை குடல் குழம்பும் ராத்திரி பரோட்டா, சுக்காவும் இல்லாமல் அவருக்கு வாரம் முடியாது. நான் கறியை விட்டுப் பத்து வருடமாகிறது. தினமும் நடக்கிறேன், தொப்பையும் இல்லை. ஒரே நாள், வெறும் வயிற்றில், ஒரே லேபில் கொடுத்த ரத்தம்:

மச்சான் (46 வயது): மொத்த கொலஸ்ட்ரால் 202, எல்டிஎல் 112, எச்டிஎல் 33, ட்ரைகிளிசரைடு 285.
நான் (39 வயது): மொத்த கொலஸ்ட்ரால் 288, எல்டிஎல் 212, எச்டிஎல் 54, ட்ரைகிளிசரைடு 110.

எல்லாமே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. எல்டிஎல் என்பது ரத்தக்குழாயில் படிகிற 'கெட்ட' கொலஸ்ட்ரால், எச்டிஎல் 'நல்ல' கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு.

முதலில் எல்டிஎல். அதில் நான் அவரைவிடச் சரியாக 100 அதிகம். தெரிந்தவர்கள் எல்லோரும் "எண்ணெயைக் குறைங்க" என்றார்கள். டாக்டர் மட்டும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, செருப்பைக் கழற்றச் சொன்னார். கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்குகிற நாணை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "இது இவ்வளவு தடிமனா இருக்கக் கூடாதுங்க. அப்பா எந்த வயசுல போனாங்க?" 47இல், மாரடைப்பில். பெரியப்பாவுக்கு இமையோரம் மஞ்சளாக ஒரு திட்டு இருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அதை மச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொழுப்பு நாணிலும் இமையிலும் போய்ப் படிகிற அளவுக்கு ரத்தத்தில் தேங்கும் இந்தப் பரம்பரைக் கோளாறு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் தின்றதல்ல, உடம்பே தயாரிப்பது. ஓடி முடித்த எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் வாங்கிகள் இருக்கின்றன. டல்லாஸைச் சேர்ந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1970களில் இந்த நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்து, அந்த வாங்கியில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். 1985இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வாங்கிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என வருகிறது. ஒன்று பழுதானால் என்னைப் போல எல்டிஎல் 190ஐத் தாண்டி நிற்கும். இரண்டும் பழுதானால் 500க்கு மேலும் போகும், பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

மச்சானுக்கு அந்த வாங்கிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. அவரைவிடப் பெரிய ஆள் ஒருவர் மருத்துவ இதழ் வரைக்கும் போயிருக்கிறார். 1991இல் அமெரிக்காவில் ஃபிரெட் கெர்ன் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை அது. நாயகன் 88 வயதுத் தாத்தா. ஒரு நாளைக்கு 25 முட்டை வீதம் வருடக்கணக்காகச் சாப்பிட்டு வந்தவர். ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ரத்தத்தில் அளவு இயல்பாகவே இருந்தது. அவருடைய குடல், வந்ததில் 18 சதவீதத்தை மட்டும் உறிஞ்சி மிச்சத்தை வெளியே தள்ளியிருக்கிறது. உறிஞ்சியதையும் கல்லீரல் பித்த அமிலமாக்கிக் கழித்திருக்கிறது. (இதை மச்சானிடம் சொன்னது தப்பு. மறுநாள் மூன்று ஆம்லெட்.)

இதை வைத்துச் சாப்பாட்டுக்கு இதில் வேலையே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? முடியாது, பின்லாந்து குறுக்கே நிற்கிறது. அந்நாட்டின் கிழக்கே வடக்குக் கரேலியா என்ற பகுதியில் 1970 வாக்கில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், சிகரெட் என்று வாழ்ந்த ஊர். 1972இல் பெக்கா புஸ்கா தலைமையில் ஊரையே மாற்றும் திட்டம் தொடங்கியது. வெண்ணெய் குறைந்தது, தாவர எண்ணெயும் காய்கறியும் ஏறின, சிகரெட்டும் உப்பும் இறங்கின. நாற்பது ஆண்டுகளுக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிற்பாடு வந்த மாத்திரைகளுக்கும் சிகிச்சைக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் ஆட்கள் அவர்களேதான், அவர்கள் பிள்ளைகளேதான். நாற்பது வருடத்தில் மரபணு மாறிவிடாது.

வெண்ணெயிலும் நெய்யிலும் இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலில் அதே எல்டிஎல் வாங்கிகளின் வேலையைத்தான் மந்தப்படுத்துகிறது. அதாவது பரம்பரையும் சாப்பாடும் கைவைப்பது ஒரே கதவில்தான். எனக்குக் கதவில் பாதி பிறவியிலேயே இல்லை, கரேலியாக்காரருக்கு நல்ல கதவை வெண்ணெய் மூடி வைத்திருந்தது. அதனால்தான் முட்டையிலுள்ள கொலஸ்ட்ராலைவிட எந்தக் கொழுப்பில் சமைக்கிறோம் என்பது எல்டிஎல்லை அதிகம் பாதிக்கிறது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 சதவீதத்துக்குள். செக்கில் ஆட்டினாலும் மெஷினில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எந்தத் தாவர எண்ணெயில் அது பேர்சொல்லும்படி இருந்தது?

பரம்பரை நல்லதும் செய்யும். கோஹன், ஹெலன் ஹாப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்கள் வருகிறார்கள். அந்த மரபணுவின் வேலை எல்டிஎல் வாங்கிகளை அழிப்பது. அது படுத்துவிட்டதால் வாங்கிகள் கூடுதல், எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. இதயநோய் வாய்ப்போ 88 சதவீதம் குறைவு! மாத்திரை போட்டு எல்டிஎல்லை சுமார் 40 இறக்கினால் சில ஆண்டுகளில் கிடைக்கும் பலன் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்துக் குறைவுதான். அந்தக் கறுப்பின அமெரிக்கர்களுக்கோ ரத்தக்குழாய் பிறந்த நாள் முதல் குறைந்த கொழுப்பையே பார்த்து வந்திருக்கிறது. என் குழாய்கள் 39 வருடமாகப் பார்த்தது இதற்கு நேர்மாறு.

சரி, என்னைப் போன்றவருக்குச் சாப்பாட்டால் எவ்வளவு இறங்கும்? டொராண்டோ ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் ஓட்ஸ், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ராலைப் போன்ற பொருள்) எல்லாம் அளந்து போட்டு ஒரு மாதம் சாப்பிட வைத்து எல்டிஎல்லை 28.6 சதவீதம் இறக்கிக் காட்டினார். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்ட குழுவுக்கு இறங்கியது 30.9. ஏறத்தாழ சமம்தான், ஆனால் அது சாப்பாட்டைத் தயாரித்துக் கையில் கொடுத்து நடத்திய சோதனை. ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிந்தைய சோதனையில் 13 சதவீதம் பக்கமே இறங்கியது. நானும் மூன்று மாதம் முயன்றேன்: நெய் இல்லை, தேங்காய் அரைத்த குழம்பு இல்லை, காலையில் ஓட்ஸ் கஞ்சி. 212 இறங்கி 188இல் நின்றது. வீட்டில் எல்லோருக்கும் என் மேல் கோபம்தான் மிச்சம். பிறகு ஸ்டேட்டின். இப்போது 97. என் கேஸில் மாத்திரைதான் சாப்பாடு, சாப்பாடு வெறும் தொட்டுக்கொள்ள.

இனி மச்சானின் காகிதத்துக்கு வருவோம். எல்டிஎல்லைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். டாக்டரோ கீழ் வரிகளைத்தான் பேனாவால் சுழித்தார். ட்ரைகிளிசரைடு 285, எச்டிஎல் 33, கூடவே தொப்பை. நம் ஊர்ப்பக்கம் சகஜமான கூட்டணி, சர்க்கரை நோய்க்கு வாசற்படி. இதிலும் பரம்பரைக்குக் கை உண்டு, ஆனால் சாப்பாட்டின் கைதான் ஓங்கியது. குற்றவாளி குடல் குழம்பைவிட ராத்திரி தின்ற ஐந்து பரோட்டா, மத்தியானம் மலையாகக் குவித்த சோறு, சனிக்கிழமை பாட்டில். மீந்த மாவுச்சத்தையும் மதுவையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாகத்தான் மாற்றுகிறது. பாட்டிலை நிறுத்தி, ராத்திரி பரோட்டாவை இரண்டு சப்பாத்தியாக்கிய மூன்றாம் மாதம் 285 போய் 160 வந்தது. எல்டிஎல் மட்டும் அசையவே இல்லை: 109.

இரண்டு காகிதத்திலும் இல்லாத ஒரு வரி, எல்பி-ஏ: எல்டிஎல்லைப் போலவே ரத்தத்தில் ஓடி இதயநோய் ஆபத்தைக் கூட்டும் துகள். நார்வேயின் கோரே பெர்க் 1963இல் கண்டுபிடித்தது. கிட்டத்தட்ட முழுக்கப் பரம்பரை, பத்தியத்துக்கும் நடைக்கும் மசியாது, வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்ட்டில் வராது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் பெரும்பாலும் போதும்.

மாத்திரை இருக்கிறதே என்று நானும் நடையை நிறுத்திவிடவில்லை. 2016இல் வந்த ஓர் ஆய்வில் 55,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். பரம்பரை ஆபத்து அதிகமுள்ளவர்களிலும் புகைக்காமை, உடல் பருக்காமை, உடற்பயிற்சி, நல்ல சாப்பாடு என்ற நான்கில் மூன்றாவது இருந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது.

என்னிடமிருந்து பிள்ளைகளுக்கு இது போக, ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பத்து வயது மகளுக்கு எடுத்தோம்: எல்டிஎல் 86. கூடப் பிறந்தவர்களும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அக்காவுக்கு போன் போட்டேன். "நான்தான் கறி, முட்டை எதையும் கையால கூடத் தொடறதில்லையேடா, எனக்கெதுக்கு டெஸ்ட்டு? உன் மச்சானைப் போய்ப் பாக்கச் சொல்லு." நாலு மாதமாக இதே பதில்தான். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேசாமல் குனிந்து அவள் குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லேபுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள், வெறும் வயிற்றோடு.