ஏர் இன்டேக் மாற்றியபின் ஸ்லோ நிற்காத கார்: குமரி மாவட்டப் பட்டறை ஒன்றின் சேவை

காரின் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான ஏர் இன்டேக்கை மாற்றிப் பொருத்திய பிறகு, ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஸ்லோவில் சீராக நிற்காமல் ஏறி இறங்குகிறது என்றால், குமரி மாவட்டத்தில் அதை முறையாக அளந்து பார்த்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்று தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள்தான் உள்ளே நிற்க முடியும். உரிமையாளரே மெக்கானிக். தம் பெயரும் கடைப் பெயரும் இணையத்தில் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. அழகியமண்டபம் பகுதியில் பெட்ரோல் கார் டியூனிங் பார்ப்பவர் என்று விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நான் கொண்டுபோனது பழைய வண்டியாக வாங்கிய 1.5 லிட்டர் பெட்ரோல் செடான். முந்தைய உரிமையாளர் கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாயும் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரும் கொண்ட கிட் ஒன்றைப் பொருத்தியிருந்தார். நெடுஞ்சாலையில் வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் சிக்னலில் கிளட்சை மிதித்தவுடன் ஆர்.பி.எம். 500 வரை இறங்கும், பிறகு 1100 வரை ஏறும், ஏ.சி. போட்டிருந்தால் சில வேளைகளில் அணைந்தே போகும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பேருந்துகளுக்கு நடுவில் வண்டி அணைந்தால் என்ன ஆகும் என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். நாகர்கோவிலில் முதலில் காட்டிய ஒரு கடையில், எதையும் அளந்து பார்க்காமலே, ஸ்பார்க் பிளக், காயில், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாடி என்று மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தப் பட்டறைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு, "அண்ணா, இப்ப ஒண்ணும் மாத்தண்டாம். கணக்குல வராத காத்து எங்க கேறுதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார். இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பதற்கு அந்த வரிசைமுறைதான் காரணம்.

இவ்வகை எஞ்சின்களில் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் எம்.ஏ.எஃப். சென்சார், உள்ளே போகும் காற்றின் அளவைக் கணக்கிட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அதற்கேற்ப, ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்ற எடை விகிதத்தில் பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. சென்சாரைத் தாண்டிய பிறகு வேறு வழியாகக் காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது, பெட்ரோல் போதாமல் போகும். வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்து அதைக் கண்டுகொள்ளும் கம்ப்யூட்டர், தன் பங்குக்குப் பெட்ரோலைக் கூட்டும். அந்தக் கூட்டல் எத்தனை விழுக்காடு என்பதை ஸ்கேனரில் நேரடியாகப் படிக்கலாம். ஃபியூயல் ட்ரிம் என்பது அதுதான்.

அவர் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி ஸ்லோவில் பார்த்தபோது கூட்டல் 28 விழுக்காடு இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தியபோது 17 விழுக்காடாக இறங்கியது. இந்த இரண்டு எண்களை வைத்தே பாதி நோயறிதல் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். எங்காவது கசிவு இருந்தால், எஞ்சின் மொத்தத்தில் குறைவாகக் காற்றை இழுக்கும் ஸ்லோவில் அதன் பங்கு பெரிதாகத் தெரியும், வேகம் கூடக் கூடச் சிறுத்துவிடும். சென்சாரே குறைத்து அளக்கிறது என்றால் எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு பிழை இருக்கும். என் வண்டியில் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

கசிவைத் தேட அவர் முதலில் கிளாம்புகளையும் பிரேக் பூஸ்டர் ஓஸையும் பார்த்தார், பிறகு இன்டேக்குக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினார். இணைப்புகள் எதிலும் புகை வரவில்லை. எஞ்சினின் மேல் மூடியான வால்வு கவரின் மேல் கிட்டுடன் வந்திருந்த குட்டி ஃபில்டர் வழியாக மட்டும் மெல்ல எட்டிப்பார்த்தது. கம்பெனி அமைப்பில் அந்த இடத்திலிருந்து ஓர் ஓஸ், சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாய்க்குப் போகும். எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை, பி.சி.வி. வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டு உள்ளே இழுக்கும்போது, அதற்கு ஈடான புதுக்காற்று இந்த ஓஸ் வழியாக, ஏற்கெனவே அளக்கப்பட்ட காற்றாக வந்து சேரும். அலுமினியக் குழாயில் அதற்கான வாய் இல்லாததால் கிட் பொருத்தியவர்கள் ஓஸை எடுத்துவிட்டு, குட்டி ஃபில்டரை மாட்டிவிட்டிருந்தார்கள். எஞ்சின் அறையைத் திறந்தால் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அளக்கப்படாத காற்று அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது. பி.சி.வி. ஓஸை அவர் இடுக்கியால் மெதுவாக நெரித்துப் பிடித்தவுடன் ஸ்லோ ஏறி இறங்காமல் நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு ரூபாய்க்கும் உதிரிபாகம் வாங்குவதற்கு முன்பே காரணம் உறுதியாகிவிட்டது.

அலுமினியக் குழாயில் துளையிட்டு, ஒரு நிப்பிள் பொருத்தி, எண்ணெய் தாங்கும் ரப்பர் ஓஸை அவர் இணைத்த பிறகு ஸ்லோவிலும் 2500-லும் ட்ரிம் ஏறக்குறைய 17-இல் ஒன்றாக நின்றது. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள்; வண்டி அணையாமல் நிற்கத் தொடங்கிவிட்டதால் நாமும் திருப்தியாகப் போய்விடுவோம். இவர் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரிலிருந்து வந்த பிசுக்கு அதன் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. அதற்கென்றே உள்ள கிளீனரை மட்டும் தெளித்து, துணியோ பிரஷோ படாமல் உலரவிட்டார். ட்ரிம் 14-க்கு வந்தது.

மீதிக்குக் காரணம் குழாயின் விட்டம். கம்பெனிக் குழாய் சென்சார் இருக்கும் இடத்தில் 60 மி.மீ., அலுமினியக் குழாய் 64 மி.மீ. நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்று போகும் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது சுமார் 14 விழுக்காடு கூடிவிடுகிறது. அதே அளவு காற்று அகன்ற குழாயில் மெதுவாகப் போகும்போது சென்சார் அதைக் குறைவாகப் புரிந்துகொள்கிறது. கம்ப்யூட்டரில் உள்ள கணக்கைப் புதிய குழாய்க்கேற்ப மாற்றி எழுதும் ரீமேப், அல்லது சென்சாரைப் பழைய விட்டத்துக்கே கொண்டுவருவது என்று இரண்டு வழிகளை அவர் சொன்னார். ரீமேப்பை அவர் செய்வதில்லை என்பதையும் மறைக்கவில்லை.

நான் கம்பெனிப் பெட்டியையே திரும்பப் பொருத்தச் சொன்னேன். அதற்கு ஸ்கேனரில் கண்ட இன்னொரு எண்ணும் காரணம். வெளியே 32 டிகிரி வெப்பம் இருக்கையில், நெரிசலில் நின்ற வண்டியின் திறந்த ஃபில்டர் 60 டிகிரிக்கு மேல் சூடான எஞ்சின் அறைக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 8 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடுகிறது. கூடுதல் சக்திக்காகப் போட்ட பொருள் நம் ஊர்ச் சாலைகளில் சக்தியைக் குறைக்கிறது என்பதே என் முடிவு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டத்தில், ஃபில்டரைக் குளிர்ந்த காற்றுக்காகப் பம்பருக்குக் கீழே இறக்கி வைப்பதும், தேங்கிய நீரை எஞ்சின் உறிஞ்சும் ஆபத்து இருப்பதால், எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. பழைய பெட்டி முந்தைய உரிமையாளர் வீட்டிலேயே இருந்தது. அதைப் பொருத்தி, த்ராட்டிலைச் சுத்தம் செய்து, ஸ்லோவைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்பித்த பிறகு ட்ரிம் இருபுறமும் 3 விழுக்காட்டுக்குள் நிற்கிறது, ஏ.சி. போட்டாலும் முள் 750-ஐ விட்டு நகர்வதில்லை.

குறைகளும் உண்டு. முன்பதிவு கிடையாது, வரிசையில்தான் வண்டியை எடுக்கிறார். தொலைபேசியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பில் துண்டுச் சீட்டில் வருகிறது, மாற்றிய ஓஸின் அளவோ அளந்த எண்களோ அதில் இல்லை. இவ்வளவு கவனமாக அளப்பவர் அதை எழுதியும் கொடுத்தால் அடுத்த மெக்கானிக்குக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். நான் ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். போகிறவர்கள் அப்படியே செய்யலாம்.

ஸ்கேன், புகைச் சோதனை இரண்டுக்கும் சேர்த்து 800 ரூபாய், ஓஸ், நிப்பிள், சுத்தம் செய்த கூலி எல்லாம் தனி. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியை விட்டுவிட்டால் குளிர்ந்த நிலையிலும் சூடான பிறகும் பார்த்துவிடுகிறார். கழற்றி வைத்த கம்பெனி பாகங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் டிக்கியில் எடுத்துச் செல்லுங்கள். டீசல் வண்டிகளை அவர் எடுப்பதில்லை.